ப்ரொஜெக்டர் வாங்குவதற்கு முன் அறையை அளந்துவிடுங்கள்

வீட்டில் ப்ரொஜெக்டர் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் கருவியில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆஃபரில் ஒன்று கிடைக்கிறது, வாங்கிவிடுகிறார்கள். அடுத்து ஒரு ஸ்க்ரீன். இரண்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எங்கே மாட்டுவது என்ற கேள்வியே எழுகிறது. அப்போது பார்த்தால் ப்ரொஜெக்டர் இருக்க வேண்டிய தூரத்தில் பீரோ நிற்கிறது, அல்லது ஒளி போகும் பாதையில் ஃபேன் சுற்றுகிறது. இல்லையென்றால் படம் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் கதவு வரை போய் விழுகிறது.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல்களில் முக்கால்வாசி வராது. முதலில் உட்காரும் இடம். அதை வைத்துத் திரையின் அளவும் உயரமும். திரையை வைத்து ப்ரொஜெக்டரின் இடம். அந்த இடத்துக்குப் பொருந்துகிற மாடலைத் தேடுவது கடைசி வேலை. இதற்கு ஒரு இன்ச் டேப்பும், பென்சிலும், போனில் இருக்கிற கால்குலேட்டரும் போதும்.

சூத்திரத்தை மட்டும் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரே ஒரு அறையை எடுத்துக்கொண்டு அதற்கே கடைசி வரை கணக்குப் போடுவோம். அகலம் 10 அடி, நீளம் 14 அடி, உயரம் 10 அடி, நடுவில் ஒரு சீலிங் ஃபேன். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய அறைதான். 10 அடி அகலமுள்ள ஒரு சுவரில் படம் விழப்போகிறது, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா கிடக்கிறது.

கண்ணிலிருந்து திரைக்கு

சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் பின்சுவரிலிருந்து ஏறக்குறைய ஒரு அடி முன்னால் இருக்கும். ஆக, கண்ணிலிருந்து திரைக்கு 13 அடி, அதாவது 156 இன்ச். இந்த ஒரு எண்ணிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறக்கிறது.

படம் பெரிதாகத் தெரிகிறதா சிறிதாகத் தெரிகிறதா என்பது திரையின் அளவை மட்டும் பொறுத்ததல்ல. நம் பார்வையில் அது எத்தனை டிகிரி அகலத்தை நிரப்புகிறது என்பதைப் பொறுத்தது. வீட்டு சினிமா அமைப்பவர்கள் இரண்டு எண்களைச் சொல்வார்கள். எஸ்எம்பிடிஇ என்ற சினிமா, டிவி பொறியாளர் சங்கத்தின் பெயரில் வழங்குவது 30 டிகிரி, தியேட்டர்களுக்குத் தரச் சான்று தரும் டிஎச்எக்ஸ் பெயரில் வழங்குவது 40 டிகிரி. 30-க்குக் கீழே போனால் பெரிய டிவி பார்க்கிற உணர்வுதான் இருக்கும். 40-ஐத் தாண்டினால் படத்தின் இரு ஓரங்களையும் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கும், சிலருக்குக் கண்ணும் களைத்துப்போகும்.

டிகிரியை யாரும் வீட்டில் அளக்கப்போவதில்லை. அதனால் எளிய கணக்கு: பார்க்கும் தூரத்தை 1.6-ஆல் வகுத்தால் கிடைப்பது 30 டிகிரிக்கான திரை, 1.2-ஆல் வகுத்தால் கிடைப்பது 40 டிகிரிக்கான திரை. நம் அறையில் 156-ஐ வகுத்தால் 97 இன்ச், 130 இன்ச் என்று வருகிறது. திரையின் மூலைவிட்ட அளவு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கலாம்.

இங்கேதான் ஆசை உள்ளே புகும். 130 இன்ச் வரை போகலாம் என்று கணக்கே சொல்கிறதே என்று தோன்றும். கணக்கு கண்ணுக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்திருக்கிறது, சுவர் இன்னும் கொடுக்கவில்லை. இன்றைய டிவி வடிவமான 16:9 திரையின் அகலம் மூலைவிட்டத்தில் 0.87 பங்கு, உயரம் 0.49 பங்கு. 120 இன்ச் திரை என்றால் 105 இன்ச் அகலம். நம் சுவர் 120 இன்ச். இரண்டு பக்கமும் ஏழு ஏழு இன்ச்தான் மிஞ்சும். அதில் ஸ்பீக்கர் நிற்காது, ஸ்விட்ச் போர்டு இருந்தால் அதுவும் திரைக்குப் பின்னால் மறைந்துவிடும். 100 இன்ச் திரை 87 இன்ச் அகலம், 49 இன்ச் உயரம். இரு பக்கமும் 16 இன்ச் தாராளமாக இருக்கும். இந்த அறைக்கு நான் 100 இன்ச் திரையைத்தான் சொல்வேன். படத்தைப் பெரிதாக்கினால் வெளிச்சமும் குறையும். அந்தக் கணக்கைப் பின்னால் பார்ப்போம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் சினிமாக்களில் பல 2.39:1 என்ற ஸ்கோப் வடிவத்தில் எடுக்கப்பட்டவை. அவற்றை இந்த 16:9 திரையில் போட்டால் மேலும் கீழும் ஆறு ஆறு இன்ச் கறுப்புப் பட்டை வரும், படத்தின் உயரம் 36 இன்ச்தான் இருக்கும். கிரிக்கெட், சீரியல், யூடியூப் எல்லாம் திரையை முழுக்க நிரப்பும். சினிமா மட்டுமே பார்ப்பேன் என்கிறவர்கள் ஸ்கோப் வடிவத் திரையே போடலாம். வீட்டில் எல்லோரும் பார்க்கிற அறைக்கு 16:9 தான் வசதி.

திரை எவ்வளவு உயரத்தில்

தியேட்டரில் திரை உயரத்தில் இருப்பதைப் பார்த்துப் பழகிய நாம் வீட்டிலும் அதை மேலே ஏற்றிவிடுகிறோம். தியேட்டரில் இருக்கை சரிவாக ஏறிப்போகிறது, திரையும் வெகுதூரம் தள்ளி இருக்கிறது. வீட்டில் 13 அடி தூரத்தில் அதே மாதிரி அண்ணாந்து பார்த்தால் இடைவேளைக்குள் கழுத்து வலிக்கும்.

உட்கார்ந்திருக்கும்போது கண் இருக்கும் மட்டம், திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 42 இன்ச் உயரத்தில் இருக்கும். திரையின் கீழ் விளிம்பை 28 இன்ச்சில் வைத்தால் மேல் விளிம்பு 77 இன்ச்சில் வரும். கண் மட்டம் கீழ் விளிம்பிலிருந்து 14 இன்ச் மேலே, அதாவது திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் பொருந்திவிடுகிறது. இந்த 77 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ப்ரொஜெக்டரின் உயரத்தைத் தீர்மானிக்கப்போவது அதுதான்.

பிள்ளைகள் பாய் விரித்துத் தரையில் உட்காருவார்கள் என்றால் அவர்களுடைய கண் 28 இன்ச் அளவில்தான் இருக்கும். திரைக்கு ஆறு அடி அருகில் பாயைப் போட்டால் படத்தின் உச்சியைப் பார்க்க 30 டிகிரிக்கும் மேல் கழுத்தைத் தூக்க வேண்டும். திரையை இன்னும் கீழே இறக்கினால் சோபாவில் இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவர் தலை மறைக்கும். பாயைச் சோபாவின் காலடிக்கு இழுத்துப் போடுவதுதான் வழி.

ஆணி அடிப்பதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்: சுவரில் மாஸ்கிங் டேப்பால் 87 × 49 இன்ச் செவ்வகம் ஒட்டி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, மாலையில் சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். காகிதத்தில் சரியாகத் தெரிந்த உயரம் நேரில் தொந்தரவாக இருக்கலாம். டேப்பைப் பிய்த்து ஒட்டுவதற்கு ஒரு செலவும் இல்லை.

த்ரோ ரேஷியோ

இனி ப்ரொஜெக்டர். அதன் விவரப் பட்டியலில் பிக்சல் (படப்புள்ளி), லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று எத்தனையோ எண்கள் இருக்கும். இடத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு எண்தான் முக்கியம்: த்ரோ ரேஷியோ. லென்ஸிலிருந்து திரை வரை உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது அது. மூலைவிட்டத்தால் அல்ல, அகலத்தால். இதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள்.

திருப்பிப் பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். நம் படத்தின் அகலம் 87 இன்ச். த்ரோ ரேஷியோ 1.2 உள்ள ப்ரொஜெக்டர் திரையிலிருந்து 104 இன்ச் தள்ளி, அதாவது 8 அடி 8 இன்ச்சில் இருக்க வேண்டும். 1.5 என்றால் ஏறக்குறைய 11 அடி. ஷார்ட் த்ரோ வகையில் 0.5 என்றால் 3 அடி 7 இன்ச். சுவரை ஒட்டி வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வகையில் 0.25 என்றால் வெறும் 22 இன்ச்.

1.2–1.5 என்று இரண்டு எண் போட்டிருந்தால் அதில் ஜூம் இருக்கிறது என்று பொருள். அதே 100 இன்ச் படத்தை 8 அடி 8 இன்ச்சிலிருந்து 11 அடிக்குள் எங்கே வைத்தும் பெறலாம். ஒற்றை எண் மட்டும் இருந்தால் ஜூம் கிடையாது. ப்ரொஜெக்டரையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் அளவைச் சரிசெய்ய முடியும். விலை குறைந்த சிறிய எல்இடி ப்ரொஜெக்டர்கள் பலவும் இந்த ரகம். சிலவற்றில் டிஜிட்டல் ஜூம் என்று ஒன்று இருக்கும். அது லென்ஸின் வேலை இல்லை, படத்தைச் சுருக்கிக் காட்டுவதுதான், பிக்சல்கள் வீணாகும்.

ஜூமின் இரண்டு முனைகளும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதித்த தூரத்தில் மிகத் தள்ளி வைத்தால் பல லென்ஸ்களில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். இடம் இருந்தால் நடு அளவிலோ, அதைவிடச் சற்றுக் கிட்டத்திலோ வைப்பது நல்லது.

நம் அறையில் ப்ரொஜெக்டரைப் பின்சுவரில் மாட்ட ஆசைப்பட்டால்? பின்சுவர் 168 இன்ச் தூரத்தில் இருக்கிறது. ப்ரொஜெக்டரின் நீளம் ஒரு அடி, பின்னால் வயருக்கும் காற்றுக்கும் அரை அடி விட்டால் லென்ஸ் 150 இன்ச்சில் நிற்கும். 150-ஐ 87-ஆல் வகுத்தால் 1.72. ஆகவே பின்சுவர்தான் வேண்டும் என்றால் 1.7-ஐத் தன் ஜூமுக்குள் வைத்திருக்கிற மாடலாகப் பார்த்து வாங்க வேண்டும். 1.2 என்று ஒற்றை எண் போட்ட ஒன்றை அங்கே மாட்டினால் படம் 125 இன்ச் அகலத்துக்கு, சுவரைவிடப் பெரிதாக விழும். இந்த ஒரு வகுத்தலைக் கடைக்குப் போகும் முன் போட்டிருந்தால் எத்தனையோ பேருக்குப் பணம் மிச்சமாகியிருக்கும்.

ஃபேனும் லிண்டல் உயரமும்

தூரம் கிடைத்தது, உயரம்? ப்ரொஜெக்டர் என்றாலே கூரையோடு ஒட்டித் தொங்க வேண்டும் என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலான ப்ரொஜெக்டர்களுக்கு அது தவறான உயரம்.

காரணம் இது. மேசை மேல் நேராக வைத்தால் படம் லென்ஸ் மட்டத்துக்கு மேலே எழும்பி விழும்படிதான் பல ப்ரொஜெக்டர்கள், குறிப்பாக டிஎல்பி (நுண்கண்ணாடிச் சிப்பால் படம் காட்டும்) வகை, வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. தலைகீழாகத் தொங்கவிட்டால் அதே போல லென்ஸுக்குக் கீழே விழும். இதைத்தான் ஆஃப்செட் என்கிறார்கள். கையேட்டில் 100% என்று இருந்தால் லென்ஸும் படத்தின் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும். 110% என்றால் விளிம்பிலிருந்து படத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு தள்ளி லென்ஸ் இருக்க வேண்டும். நம் படத்தின் உயரம் 49 இன்ச், பத்தில் ஒரு பங்கு 5 இன்ச்.

இப்போது அந்த 77-ஐ எடுங்கள். தலைகீழாகத் தொங்கும் ப்ரொஜெக்டரின் லென்ஸ் 77 + 5 = 82 இன்ச் உயரத்தில் இருக்க வேண்டும். கூரை 120 இன்ச். அதாவது கூரையிலிருந்து மூன்று அடிக்கு மேல் கீழே இறங்கி வர வேண்டும். இதைக் கணக்கில் எடுக்காமல் அரை அடி ஸ்டாண்டில் கூரையோடு மாட்டினால் படம் திரைக்கு மேலே விழும். உடனே மூக்கைக் கீழே சாய்ப்பார்கள். சாய்த்ததும் படம் கோணலாகும். கோணலைச் சரிசெய்ய கீஸ்டோனைத் தட்டுவார்கள். போதாததற்கு ஃபேன் இறக்கையும் பாதையில் வந்து நிற்கும்: வழக்கமான ஃபேனின் இறக்கைகள் கூரையிலிருந்து ஒரு அடி கீழே, நான்கு அடி விட்டத்தில் சுற்றுகின்றன. அவற்றின் மட்டத்திலோ அதற்கு மேலேயோ லென்ஸ் இருந்தால் ஒளியை இறக்கை வெட்டிக்கொண்டே இருக்கும், திரையில் நிழல் படபடக்கும். ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்க்க நம் வெயில் விடாது.

82 இன்ச்சில் லென்ஸ் இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒளி முழுவதும் ஃபேனுக்கு வெகு கீழே, கீழ்நோக்கிப் போய்விடுகிறது. நம் வீடுகளுக்கு இதில் ஒரு இயற்கையான வசதியும் இருக்கிறது. கதவு, ஜன்னல்களின் மேல்மட்டமான லிண்டல் பொதுவாக ஏழு அடியில், அதாவது 84 இன்ச்சில் ஓடுகிறது. லாஃப்ட் இருந்தால் அதன் அடிப்பக்கமும் அந்த மட்டத்தில்தான் இருக்கும். லாஃப்ட்டின் அடியில் தலைகீழாக மாட்டினாலோ, பின்சுவரில் அந்த உயரத்தில் ஒரு பிராக்கெட் அடித்தாலோ லென்ஸ் ஏறக்குறைய வேண்டிய இடத்துக்கே வந்துவிடும். சின்ன வித்தியாசத்தைத் திரையை ஓரிரு இன்ச் ஏற்றி இறக்கிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் லாஃப்ட்டின் மேலே நேராக வைத்துவிடாதீர்கள். அங்கிருந்து படம் மேல்நோக்கி எழும்பிச் சுவரின் உச்சிக்கும் கூரைக்கும் போய்விடும்.

கூரையிலிருந்து மூன்று அடி பைப் இறக்குவதா, சுவர் பிராக்கெட்டா என்று கேட்டால் சுவர் பிராக்கெட்டைத்தான் சொல்வேன். நீளமான பைப் ஃபேன் காற்றில் லேசாக ஆடினால்கூட 11 அடி தள்ளித் திரையில் அந்த ஆட்டம் பெரிதாகத் தெரியும். பைப்தான் வழி என்றால் கான்க்ரீட்டில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் அந்த ஜிப்சம் பலகை எடை தாங்காது. அதைத் துளைத்து மேலே உள்ள கான்க்ரீட் வரை போக வேண்டும். ஃபேன் பாயிண்ட்டுக்குப் போகும் வயர்கள் ஸ்லாப்புக்குள்ளேயே ஓடும், ட்ரில் போடும் முன் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதையும் துளைக்க முடியாத வாடகை வீட்டுக்காரர்கள் கணக்கைத் தலைகீழாக்கினால் போதும். நேராக வைத்த ப்ரொஜெக்டரின் லென்ஸ், படத்தின் கீழ் விளிம்பான 28 இன்ச்சிலிருந்து 5 இன்ச் கீழே, அதாவது 23 இன்ச்சில் இருக்க வேண்டும். சோபாவுக்கு முன்னால் கிடக்கிற டீப்பாயின் மேல் இரண்டு புத்தகத்தை அடுக்கினால் அந்த உயரம் வந்துவிடும்.

லென்ஸ் ஷிஃப்ட் உள்ள ப்ரொஜெக்டர்களில் இந்தக் கெடுபிடி தளரும். உள்ளே லென்ஸையே மேலும் கீழும் நகர்த்தும் அமைப்பு அது. ப்ரொஜெக்டரைச் சாய்க்காமலேயே படத்தை ஏற்றி இறக்கலாம், சிலவற்றில் இடம் வலமாகவும் நகர்த்தலாம். படத்தின் தரம் கெடாது. விலை கூடுதல்தான். ஆனால் தூணும் பீமுமாக இருக்கிற, வேண்டிய இடத்தில் மாட்ட முடியாத அறைக்கு அந்தப் பணம் நியாயமான செலவு.

கீஸ்டோனை ஏன் தொடக்கூடாது

டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடித்தால் வட்டம் விழும், சாய்த்தால் முட்டை மாதிரி நீளும். ப்ரொஜெக்டரைச் சாய்த்தாலும் அதுதான் நடக்கிறது: செவ்வகம், ஒரு பக்கம் அகன்ற சரிவகமாகிறது. கீஸ்டோன் என்பது இதை மென்பொருளால் மறைக்கும் வசதி. அகன்ற பக்கத்தில் சில பிக்சல்களை அணைத்துவிட்டு, மீதியுள்ளவற்றுக்குள் படத்தை நெருக்கி அடைக்கிறது. கூர்மை குறைகிறது, வெளிச்சம் குறைகிறது. இருட்டில் உற்றுப் பார்த்தால் படத்தைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறத்தில் பழைய சரிவகத்தின் ஓரங்கள் தெரியும். அணைக்கப்பட்ட பிக்சல்கள் முழுக் கறுப்பாவதில்லை என்பதால் அந்தச் சாம்பல்.

தானாகவே கீஸ்டோன் செய்துகொள்ளும் சிறிய ப்ரொஜெக்டரை ஊருக்கு எடுத்துப்போய் ஒருநாள் படம் போடுகிறீர்களா, தாராளமாகப் பயன்படுத்துங்கள். நிரந்தரமாக மாட்டும் இடத்தில் அதை அணைத்துவைத்துவிட்டு, ப்ரொஜெக்டரை நேராக நிறுத்துவதில் அரைமணி நேரம் கூடுதலாகச் செலவிடுங்கள். அந்த உழைப்புக்கான பலன் ஒவ்வொரு நாளும் திரையில் தெரியும்.

வெளிச்சமும் திரையும்

ப்ரொஜெக்டரால் கறுப்பை உண்டாக்க முடியாது. ஒளியை அனுப்பாமல் இருப்பது ஒன்றுதான் அதனால் முடியும். ஆக, ப்ரொஜெக்டர் ஓடாதபோது உங்கள் திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அதுதான் படத்தின் கறுப்பு. மதியம் திரை வெள்ளையாகத் தெரிகிறதென்றால் மதியம் போடும் படத்தில் இரவுக் காட்சியும் வெள்ளையாகத்தான் தெரியும். எத்தனை லூமன் வாங்கினாலும் இது மாறாது.

எனவே எந்தச் சுவரைத் திரைக்குத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஜன்னலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் திரை போட்டால் வெயில் நேராகத் திரையில் விழும். அது மோசமான தேர்வு. ட்யூப் லைட் திரைக்கு மேலேயே இருந்தால் அதுவும் அப்படியே. சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வெளிச்சம் வேண்டுமென்றால் உட்காருகிறவர்களுக்குப் பின்னால், திரையில் ஒளி விழாதபடி ஒரு சிறு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். கனமான திரைச்சீலைக்குச் செலவிடும் பணம், அதே பணத்தில் வாங்கும் கூடுதல் லூமனைவிட அதிகப் பலன் தரும்.

எவ்வளவு வெளிச்சம் போதும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. தியேட்டர்களுக்கான அளவுகோல் 16 ஃபுட்-லாம்பர்ட். சாதாரண வெள்ளைத் திரையில் ஒரு சதுர அடிக்கு 16 லூமன் விழ வேண்டும் என்று புரிந்துகொண்டால் போதும். 100 இன்ச் திரை ஏறக்குறைய 30 சதுர அடி. 480 லூமன் போதும். 120 இன்ச் திரை 43 சதுர அடி. கிட்டத்தட்ட 690 லூமன் வேண்டும். மூலைவிட்டம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் வெளிச்சத் தேவை பாதியளவு கூடிவிடுகிறது. முழு இருட்டுக்கான எண்கள் இவை. நல்ல நிறம் தரும் மோடில் பெட்டியில் போட்ட லூமன் முழுதாக வராது, பல்பும் வயதாக ஆக மங்கும். இருட்டடிக்கக்கூடிய நம் அறைக்கு 1,000 முதல் 1,500 அன்சி லூமன் (தர நிர்ணய முறைப்படி அளந்த லூமன்) தாராளம். அன்சி அல்லது ஐஎஸ்ஓ என்ற சொல் இல்லாமல் வெறுமனே ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் லூமன் எண்களை நம்பி வாங்காதீர்கள்.

திரை வாங்குவதற்கு அவசரமே இல்லை. பட்டி பார்த்துச் சமமாக்கி, பளபளப்பில்லாத வெள்ளை அடித்த சுவரே ஆரம்பத்துக்கு நல்ல திரை. சில வாரம் சுவரிலேயே பார்த்து, அளவும் உயரமும் மனதுக்குப் பிடித்த பிறகு திரை வாங்கலாம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய நிலையான திரைதான் என் தேர்வு. மேலிருந்து இழுக்கும் சாதாரணச் சுருள் திரையில் நாளடைவில் சுருக்கம் விழும், ஃபேன் காற்றுக்கு அலையும். சுருட்டிவைப்பது அவசியம் என்றால் இரு பக்கமும் நூலிழுத்து விறைப்பாக நிற்கும் ‘டேப் டென்ஷன்’ (tab tension) வகையைப் பாருங்கள். திரை ஒளியை எவ்வளவு பலமாகத் திருப்பித் தருகிறது என்பதைச் சொல்லும் எண் கெயின். அது 1.0 உள்ள வெள்ளை மேட் திரை எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரியும். கெயின் கூடக்கூட நடுவில் இருப்பவருக்குப் பளிச்சென்றும் ஓரத்தில் இருப்பவருக்கு மங்கலாகவும் தெரியும்.

அறை வெளிச்சத்தைத் தவிர்க்கும் ஏஎல்ஆர் திரைகள் என்று விற்பவை எல்லாம் ஒன்றல்ல. அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கான ஏஎல்ஆர் திரை, கீழிருந்து வரும் ஒளியை நம்மிடம் திருப்பிவிட்டு மேலிருந்து வருவதை விழுங்கும். கூரையிலோ பின்சுவரிலோ இருந்து அடிக்கும் ப்ரொஜெக்டருக்கு அதை மாட்டினால் படத்தையே விழுங்கிவிடும்.

அல்ட்ரா ஷார்ட் த்ரோ பற்றியும் ஒரு வார்த்தை. ஃபேன், தலை மறைப்பது, நீள வயர் ஆகிய மூன்று தொல்லையும் இல்லை. டிவி ஸ்டாண்டில் வைத்துவிடலாம். ஆனால் ஒளி சுவரை உரசிக்கொண்டு மேலே ஏறுவதால் பட்டியின் மேடு பள்ளம் ஒவ்வொன்றும் படத்தில் அலையாகத் தெரியும். விறைப்பான திரை இல்லாமல் அதை வாங்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில், மேலே குனிந்து அந்த ஒளியைப் பார்க்காதபடி பழக்க வேண்டும்.

வயர், காற்று, கரண்ட்

ப்ரொஜெக்டர் மூச்சுவிட வேண்டும். காற்றுத் துளைகளைச் சுற்றிக் கையேடு சொல்லும் இடைவெளியை விடுங்கள், கதவு போட்ட அலமாரிக்குள் அடைக்காதீர்கள். எச்டிஎம்ஐ வயர் பத்து மீட்டருக்கு மேல் போனால் 4கே படத்துக்குச் சாதாரணச் செப்பு வயர் தடுமாறும், ஃபைபர் வயர் வாங்குங்கள். அதில் எந்த முனை ப்ரொஜெக்டருக்கு, எந்த முனை ப்ளேயருக்கு என்று எழுதியிருக்கும். சுவருக்குள் இழுக்கும் முன் சரிபாருங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே எச்டிஎம்ஐ தலை நுழைகிற அளவுக்கு அகலமான பைப்பும், லிண்டல் உயரத்தில் ஒரு ப்ளக் பாயிண்ட்டும் போட்டுவைத்துவிடலாம்.

பல்பு வகை ப்ரொஜெக்டரை அணைத்த பிறகும் உள்ளே ஃபேன் சிறிது நேரம் ஓடி பல்பைக் குளிர்விக்கும். திடீரென்று கரண்ட் போனால் அந்த வாய்ப்பு கிடைக்காது, பல்பின் ஆயுள் குறையும். சிறிய யூபிஎஸ் ஒன்றை இடையில் போடுங்கள். எல்இடி, லேசர் வகைகளுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

மாட்டிய பிறகு

நேராக நிறுத்துவது இப்படி. ப்ரொஜெக்டரின் உடம்பின் நடுவை அல்ல, லென்ஸின் நடுவைத் திரையின் நடுக்கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பல மாடல்களில் லென்ஸ் ஒரு ஓரமாகத்தான் இருக்கும். லென்ஸிலிருந்து திரையின் கீழ் இடது மூலைக்கும் கீழ் வலது மூலைக்கும் டேப் பிடித்தால் இரண்டும் ஒரே அளவு வர வேண்டும். அடுத்து, படத்தைப் போட்டு அதன் இடது பக்க உயரத்தையும் வலது பக்க உயரத்தையும் அளங்கள். இடது பக்கம் உயரமாக இருந்தால் ஒளிக்கு அந்தப் பக்கம் தூரம் கூடுதல் என்று பொருள். லென்ஸை மயிரிழை வலப்பக்கம் திருப்புங்கள். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே அகலமா என்று பார்த்து, சாய்வையும் இதே போலச் சரிசெய்யலாம். திரையின் கறுப்பு ஓரத்தில் படம் அரை இன்ச் ஏறினால் பரவாயில்லை, அந்தக் கறுப்பு அதை விழுங்கிவிடும்.

ஃபோகஸை மட்டும் உடனே வைக்காதீர்கள். சூடாகும்போது லென்ஸ் சற்று மாறும் என்பதால் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். அப்புறம் சிறிய எழுத்துகள் நிறைந்த ஒரு பக்கத்தைப் போட்டு, திரைக்கு அருகில் போய் நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்தைப் பாருங்கள். நடுவில் கூர்மையாகவும் ஒரு பக்க மூலைகளில் மட்டும் மங்கலாகவும் இருந்தால் ப்ரொஜெக்டர் இன்னும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கக்கூடும். டேப்பை எடுத்து மூலை அளவை மறுபடி பாருங்கள். நான்கு மூலைகளும் ஒரே மாதிரி லேசாக மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஃபோகஸை நடுவுக்கும் மூலைக்கும் இடைப்பட்ட ஒரு புள்ளியில் வைத்து ஸ்க்ரூவை இறுக்கிவிடலாம்.